அப்பா நிறுத்திய மாத்திரைகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பெரிய மகள் வணங்கி எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே நான் வேலை செய்யும் வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கும் உங்களைப் போலவே பக்கவாதம் வந்தது. மறுபடி வராமலிருக்க, மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையைத் தினமும் காலையில் கொடுக்கிறேன். நேற்று அதை என் முகத்திலேயே துப்பிவிட்டார். "சின்னப்புள்ள தோத்துடும் போங்க" என்று சிரித்தபடியே துடைத்துக்கொண்டேன். வாசலில் நின்ற அவர் மகள், "மாத்திரை உள்ள போகணும், அதை மட்டும் பாரு" என்றாள். இன்னொன்று கொடுத்து, விழுங்கும்வரை நின்றேன்.

நேற்றே தம்பியும் போனில் உளறிவிட்டான். டாக்டர் எழுதிய மூன்று மாத்திரைகளில் இரண்டை நீங்களாகவே நிறுத்திவிட்டீர்களாம். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இத்தனை?" என்றீர்களாம். போன மாதம் மறுபடி பக்கவாதம் வந்து விழுந்ததையும் என்னிடம் மறைத்துவிட்டீர்கள். யாரோ ஒருவரின் அப்பாவுக்குத் தண்ணீர் டம்ளரோடு காத்து நிற்கிறேன். பெற்ற அப்பாவுக்கு அதைச் செய்ய முடியவில்லை. வாயெல்லாம் கசக்கிறது அப்பா.

மூன்றையும் ஒரே மாத்திரையாகத் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவர் எழுதும் மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பத் தம்பியிடம் சொல்லுங்கள். பதிலை அம்மா எழுத வேண்டாம், நீங்களே எழுதுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பக்கவாதத்தில் தளர்ந்த வலது கை எவ்வளவு வருகிறது என்று நான் பார்க்க வேண்டும்.

பெரியவர் கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள் மகள்