அடி மூடிய கார்

அன்பு மச்சான்,

மண்ணுக்குள் இருக்கும் கபுறாளிகளுக்குச் சொல்லும் ஸலாத்தை முதலில் உங்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்குள் பெண்கள் வருவதில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கத்திச் சொல்லவும் முடியாது. அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இப்படித்தான் இருக்கும். இதை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்று தெரியும். வாசிக்கட்டும்.

பயமாக இருக்கிறது மச்சான். இங்கே அதைச் சொன்னால் "உம்மாவுக்கு வயசாகிட்டுது" என்கிறார்கள். உங்களிடம் சொன்னால் அப்படிச் சொல்லமாட்டீர்கள்.

நம் மகள் ஸுலைஹாவின் கிட்னி இரண்டும் கைவிட்டுவிட்டன. நீங்கள் இருந்த காலத்தில் அவளுக்குக் கால் வீங்கியதே, நடந்து திரிவதால் என்று நினைத்தோமே, அது இதுதான். கிழமைக்கு இரண்டு தரம் சிலாபத்து ஆஸ்பத்திரியில் மிஷினில் போட்டு இரத்தத்தைக் கழுவ வேண்டும். தவறினால் நெஞ்சுக்குள் நீர் ஏறும். ஒரு முறை ஏறியது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே அவள் மூச்சை இழுத்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. பெற்ற பிள்ளை மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்காமல் போய்விட்டீர்கள். அந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

போகவர உங்கள் பழைய ஸ்ரீ நம்பர் கார்தான். ஆனால் நீங்கள் போன பிறகு நாட்டில் பெற்றோல் இல்லாமல் போயிற்று. பாலாவிச் சந்தி வரைக்கும் வரிசை. பிறகு, போனில் ஒரு கட்டம் போட்ட படத்தைக் காட்டினால் கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றினார்கள். அந்த அளவு முதல் பயணத்துக்குக் காணும். இரண்டாம் பயணத்தில் திரும்பி வரும்போது கார் வழியில், முந்தலில் நின்றுவிடும். பின் வீட்டு ஹாஜியாரின் மோட்டார் சைக்கிளில் இருந்து ஒரு போத்தல் பெற்றோல் கேட்டேன். இல்லை என்றார். டாங்கியில் அது அலையடித்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுமையிலும் அந்தச் சத்தத்தைச் சொல்லுவேன்.

அப்போதுதான் மருமகன் நஸீர் காரில் கை வைத்தார். உங்கள் ஜனாஸாவுக்கு, மண் போட்டு முடிந்த பிறகு வந்து சேர்ந்த அதே மருமகன். கல்பிட்டியில் பைபர் வள்ளம் செய்கிற மனிதருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?

"வள்ளத்துக்குத் தண்ணி, காருக்குக் காத்து மாமி. ரெண்டும் ஒண்டுதான்" என்றார். "இந்தக் கார் காத்தோட மல்லுக்கட்டியே பாதிப் பெற்றோலைக் குடிக்குது. கச்சான் காத்து வீசுற காலத்தில சிலாபம் போற பாதை முழுக்க எதிர்க்காத்து. நாங்க காத்துக்குக் கொஞ்சம் வழி விடுவம்."

முன்பக்கத்துக் கம்பித் தட்டியில் பாதியை ரப்பர் விரிப்பால் அடைத்தார். எஞ்சின் கொதிக்குமே என்று நான் கத்தினேன். சூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன் என்றார். பின் சில்லு இரண்டையும் தகரம் வெட்டி மூடினார். கூரையில் நீங்கள் ஆசையாகப் பூட்டிய சாமான் தட்டைக் கழற்றி எறிந்தார்.

பிறகு ஸுலைஹாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலைத் துண்டு துண்டாக நறுக்கி, பின் கண்ணாடியிலும் டிக்கியிலும் ஒட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க நான் பின் சீட்டில் முழந்தாளிட்டுப் பின்பக்கம் பார்த்தபடி அந்த நூல்களைக் கவனிக்க வேண்டும். படுத்திருக்கும் நூலில் காற்று ஒழுங்காகப் போகிறது. துடிக்கும் நூல் இருக்கிற இடத்தில் காற்று சுருண்டு நின்று வண்டியைப் பின்னால் இழுக்கிறது. எந்த நூல் எந்த இடத்தில் துடித்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். என் ஞாபகத்தைத் தெரியும்தானே உங்களுக்கு.

"நீங்க சண்டையை மட்டும்தான் ஞாபகம் வச்சிருப்பீங்க எண்டு நினைச்சன் மாமி" என்றார்.

"அதுவும் இருக்கு மருமகன். பயப்படாதீங்க."

முன் சீட்டில் கண்ணை மூடியிருந்த ஸுலைஹா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை காலம் ஆகியிருந்தது தெரியுமா? பயத்துக்கு நடுவிலும் அந்த ஒன்றுக்காக அவர்மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் இளகியது. கொஞ்சம்தான்.

நான் சொன்ன இடங்களைப் பார்த்து, டிக்கிக்குப் பின்னால் பைபரில் ஒரு வால் செய்து பூட்டினார். தெருப் பிள்ளைகள் நம் காருக்கு ஆவுளியா என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடலில் மிதக்கிற அந்தப் பெரிய பிராணி மாதிரியேதான் இருக்கிறது. கடைசியாக, முந்திய தேர்தல் முடிந்து சந்தியில் கிடந்த பிளாஸ்டிக் பலகைகளைக் கொண்டுவந்து காரின் அடியை முன்னாலிருந்து பின்னால் வரை மூடினார். நமக்குக் காணி உறுதி வாங்கித் தருவதாகச் சொல்லி வாக்குக் கேட்டு, பிறகு கதவைக்கூடத் திறக்காத மனிதர் அந்தப் பலகையில் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பெற்றோல் மிச்சமானது உண்மை. இரண்டாம் பயணமும் வீட்டு வாசல் வரை வந்தது. ஆனால் அந்த அடி மூடியதைப் பார்த்த நாள் முதல் எனக்கு நெஞ்சுக்குள் குளிர்.

தொண்ணூறில் வடக்கிலிருந்த முஸ்லிம்களை இயக்கத்தார் ஊரை விட்டு வெளியேற்றியபோது ஒவ்வொரு பொட்டணியையும் ரோட்டில் வைத்து அவிழ்க்கச் சொன்னார்களே. முடிச்சு அவிழாமல் என் உம்மா அதைப் பல்லால் கடித்து இழுத்ததை நீங்களும் பார்த்தீர்கள். பிறகு தேவாலயங்களில் குண்டு வெடித்த வருடம், நம் தெருவில் வீடு வீடாகத் தேடி வந்து உங்கள் காரின் சீட்டைக் கழற்றி வெயிலில் வைத்தார்கள். நாம் மூடி வைத்த எதையும் யாரோ வந்து திறக்கச் சொல்வார்கள். இது எனக்குத் தெரியும். இந்தக் கரையில் மஞ்சளும் பீடி இலையும் களவாக வந்து இறங்குகிற காலத்தில், அடி மூடிய ஒரு காரைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

"மருமகன், இதுக்குள்ள என்ன இருக்கெண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஒண்டும் இல்லையெண்டு சொல்லுவன்."

"ஒண்டும் இல்லாததை ஏன் மூடின நீங்க?"



நான் பயந்தது நடந்தது மச்சான். ஒரு காலை, முந்தலைத் தாண்டியதும் வீதியில் நின்ற பொலிஸ்காரர் கை காட்டினார். குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை. "மேக்க யட்ட மொனவத?" என்றார் சிங்களத்தில். இதற்கு அடியில் என்ன என்று. "முகுத் நே சேர், ஹுளங்கட" என்றார் மருமகன். ஒன்றுமில்லை, காற்றுக்காக. எத்தனையோ பொய் கேட்டிருப்பார் அந்த மனிதர். இப்படி ஒன்றைக் கேட்டிருக்கமாட்டார். திறந்து காட்டச் சொன்னார்.

திறக்க முடியாது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வள்ளம் செய்கிற கை, சுற்றிவர பைபர் பூசி ஓட்டை இடுக்கு இல்லாமல் ஒட்டிவிட்டிருந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "வள்ளத்துக்கு அடியில கதவு வைக்கிறதா மாமி?" என்றார்.

நேரத்துக்குப் போகாவிட்டால் மிஷினில் அவளுடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். நான் இறங்கி அந்தப் பொலிஸ்காரரிடம் பிள்ளையின் கையைக் காட்டினேன். ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறாகத் தடித்த கை. அவர் பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும் தலையை அசைத்தார். அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

"உம்மா, ஏறி இருங்க. பயப்படாதீங்க" என்றாள் ஸுலைஹா. பயப்பட வேண்டியவள் அவள்.

மருமகன் வீதியில் மல்லாந்து படுத்து, தான் ஒட்டியதைத் தானே கத்தியால் வெட்டிக் கிழித்தார். உள்ளே இருந்து, சில்லுகள் வாரியிறைத்த மணலும், உப்புப் பூத்த தூசியும் அவர் கண்ணில் கொட்டின. வேறொன்றும் இல்லை. கடைசியில் அந்த அரசியல்வாதியின் சிரித்த முகம் கழன்று விழ, பொலிஸ்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிந்தித்தான் போனோம். இடம் போயிருந்தது. காத்திருந்து, கடைசியில் பாதி நேரம்தான் கிடைத்தது. அந்தக் கிழமை முழுக்க அவள் மூச்சு விடும்போதெல்லாம் நான் கூடவே எண்ணிக்கொண்டிருந்தேன். அடி திறந்து போனதால், இரண்டாம் பயணத்தில் கார் மறுபடியும் முந்தலில் நின்றது. தள்ளித்தான் கரையேற்றினோம்.

இப்போது மருமகன் அடியை மறுபடியும் மூடியிருக்கிறார். இந்த முறை கையால் திருகிக் கழற்றுகிற நட்டுகள். சாவி, ஸ்பேனர் எதுவும் தேவையில்லை. காருக்குப் பக்கத்தில் என்னைக் கதிரையில் இருத்தி, கழற்றப் பழக்கித் தந்தார். கண்ணை மூடிக்கொண்டும் கழற்றுவேன். ஆனால் பயம் மட்டும் கழலவில்லை மச்சான். காற்றை ஏமாற்றலாம், பெற்றோலை ஏமாற்றலாம். வேறு எதை ஏமாற்றுகிறோம் நாங்கள்? இது எத்தனை காலத்துக்கு?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் போகும் ஒவ்வொரு நாளும் பின் சீட்டில் நான் இருப்பேன். மறித்தால் முதலில் இறங்குவது நான். கேட்க முன்பே திறந்து காட்டுவதும் நான். அங்கே அவளை எதிர்பார்த்திருக்காதீர்கள். உங்களிடம் வருகிற வரிசையில் அவளுக்கு முன்னால் நான் நிற்கிறேன். அல்லாஹ் நாடினால், என்னைத் தாண்டி அவளை விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமி மகள்,
ஸுலைஹாவின் உம்மா