சார்ஜில் இருக்கிறது

சிட்லபாக்கம்,
வியாழன் இரவு

அன்புள்ள ப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. ஊரே தூங்கும் நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே, விடிந்ததும் பக்கத்து வீட்டு சுஜி புனே கிளம்புகிறாள், பருப்புப்பொடி டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்ப வேண்டும். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லலாமென்றால் நீ கூப்பிடும் நேரத்திலெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். விஷயம் அவரைப் பற்றியதுதான்.

நீ பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எலக்ட்ரிக் கார் போர்ட்டிகோவிலேயே நிற்கிறது. நீ கேட்கும்போதெல்லாம் 'சார்ஜ்ல போட்டிருக்கேம்மா' என்கிறாரே, அது பாதிதான் உண்மை. நூறு சதவீதம் ஏறித்தான் நிற்கிறது, அவர் எடுப்பதில்லை. மாடம்பாக்கம் கோயிலில் பூஜை போட்ட அன்றைக்கு நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, எடுக்கலாம் என்று குருக்கள் சொன்னதும் அப்பா பட்டனை அழுத்தி கியரையும் போட்டார். சத்தமே வரவில்லை. பழைய பெட்ரோல் வண்டிப் பழக்கம், ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார். முன்னால் பூக்காரச் செல்லம்மா குனிந்து மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வண்டி ஒரு துள்ளு துள்ளியது, அவள் விழுந்தாள். அவளே எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, 'இன்னா சார், மாலை போட வந்தவளுக்கே மாலை போடப் பாத்தியே' என்றாள். எல்லோரும் சிரித்தோம், அப்பா சிரிக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம், நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று.

அதிலிருந்து பழையபடி ஸ்கூட்டரில்தான் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் போய் ஆபீசுக்கு ரயில் பிடிக்கிறார். சாயங்காலம் வந்ததும் காரைத் துடைக்கிறார், ஒயரைச் சொருகுகிறார், உள்ளே வந்துவிடுகிறார். எதிர்வீட்டு ராஜாராமன் மாமா வேறு, 'ஏன் ஷ்யாம், வாங்கினது காரா, பெரிய செல்போனா? எப்பப் பார்த்தாலும் சார்ஜ்லயே இருக்கு' என்று கேட்டுவிட்டார், அன்று அப்பா சாப்பிடவேயில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மாடம்பாக்கம் போய்ப் பூ வாங்குகிறார், பூவுக்காக இல்லை ப்ரியா, செல்லம்மா நடப்பதைப் பார்க்க. போன வாரம் நானும் கூடப் போனேன். அவளுக்கே பொறுக்காமல், 'காலு நல்லாத்தான் கீது சார், காரை எட்த்துகினு வா, என்னை முன்சீட்ல குந்தவச்சு ஒரு ரவுண்டு போ' என்றாள். அப்பா பூப்பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே, 'சார்ஜ் இல்லம்மா' என்றார்.

பொங்கலுக்கு நீ வரும்போது ஏர்போர்ட்டுக்கு டாக்சி சொல்லிவிடலாம் என்கிறார். நம் காரில்தான் வருவேன் என்று நீ பிடிவாதம் பிடித்தால் எடுப்பாரோ, இல்லை இன்னும் ஒடுங்கிப்போவாரோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ கேட்டு அவர் இல்லையென்று சொன்னதில்லை, அந்தத் தைரியத்தில்தான், பிடிவாதம் பிடிக்கலாமா என்று உன்னையே கேட்கிறேன். சார்ஜ் என்று இனிமேல் கேலி மட்டும் செய்யாதே.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காதே. தேனுபுரீஸ்வரர் உன் கூடவே இருப்பார், நன்றாக இரு. அப்பா ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து, போனில் சீக்கிரம் பதில் சொல்லு.

உன் அம்மா
தீபலட்சுமி