கடைசியாகக் கோத்த மணி

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நேற்றுக் கோபத்தில் நான் நூலை இழுத்ததில், குரோஷா ஊசியால் பின்னும் மாலைக்கு நீங்கள் நூலில் கோத்து வைத்திருந்த மணியெல்லாம் சிதறிப்போனதே. காலையில் பொறுக்கி எடுத்து, நீங்கள் மணி வரிசை எழுதி வைத்த தாளைப் பார்த்து முதல் மணியிலிருந்து கோத்தேன். முடித்த பிறகுதான் நீங்கள் அடிக்கடி சொல்வது உறைத்தது: "கடைசியா கோக்கிற மணிதான் பின்னும்போது முதல்ல வரும்." எல்லாம் தலைகீழ். சாயங்காலம் வந்து நானே மாற்றிக் கோக்கிறேன்.

முழு மாலையையும் மனசுக்குள் தலைகீழாகப் பார்க்கிற மனுஷனிடம் போய், "இதையெல்லாம் யாரு போட்டுக்குவாங்க"ன்னு கேட்டேனே.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

பி.கு.: நீங்கள் பின்னிய நீலக் கம்மலைத் தேடாதீர்கள், போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். யாரும் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன், என் வீட்டுக்காரர் செய்தது என்று நானே சொல்லிவிடுவேன்.