ஏழாம் எண்

மார்ச் 4

காலையிலிருந்து பதினாறு எக்ஸ்ரே. நான்கில் குண்டு. எலும்புக்குப் பக்கத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிறது. சீட்டிலோ நான்கு பேருக்கும் ஒரே காரணம்: "படியில் விழுந்தது." மேலிடத்து உத்தரவு. ஊர்வலம் போனவர்களை ராணுவம் சுட்டது என்று எந்தக் காகிதத்திலும் வரக் கூடாதாம். இந்த ஊரில் அத்தனை படிகளா இருக்கின்றன?

மார்ச் 9

அடிபட்டவர்களுக்காக வழக்கு நடத்தும் வக்கீலம்மா வந்தார். நம் ராணுவத்துக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் இனாமாகக் கொடுப்பது ஒரு வெளிநாடு. சொந்த மக்களைச் சுடும் படைக்கு உதவி கிடையாது என்று அங்கே சட்டமே இருக்கிறதாம். அவர்களுடைய நாடாளுமன்றக் குழு விசாரிக்கப் போகிறது. "சாட்சி வேணும்மா" என்றார். அடிபட்ட நான்கு பேரும் சம்மதித்துவிட்டார்கள்.

படங்களை ஒளிப்பெட்டியில் மாட்டி, செல்போனில் எடுத்துக் கொடுத்தேன். நோயாளிகளின் பெயரை மறைத்தேன். மூலையிலிருந்த என் எண்ணையும் பிளாஸ்திரி ஒட்டி மறைத்தேன். எக்ஸ்ரே எடுக்கும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஈயத்தில் ஒரு எண் உண்டு. ஓரத்தில் வைத்தால் படத்திலேயே பதிந்துவிடும். அதுதான் எங்கள் கையெழுத்து. என்னுடையது 7.

மார்ச் 10

நல்லதுதானே செய்தேன்? பிறகு ஏன் உறுத்துகிறது?

ஏப்ரல் 2

குழு ஏற்கவில்லை. யார் எடுத்தது என்று தெரியாத படம் சாட்சியாகாதாம். கோபம் வந்தது, அவர்கள் மேல் இல்லை. "நம்பர் இல்லாத படம் குப்பை, திரும்ப எடு" என்று கூட வேலை செய்பவர்களிடம் இருபது வருஷமாகக் கத்துகிறவள் நான்தானே?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பஸ் ஓட்டுகிற மனிதர், எதையும் பார்த்துத்தான் திருப்புவார்.

"வேலை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"உள்ள வச்சாலும் வைப்பாங்க."

"ம்."

"அப்ப அந்தப் பிளாஸ்திரிய பிச்சு எறி. எறிஞ்சுட்டு சாப்பிட வா."

இவரைக் கட்டிக்கொண்டதற்கு இன்று முழுசாகப் பெருமைப்பட்டேன். சொல்லவில்லை. தலைக்கு ஏறிவிடும்.

ஏப்ரல் 3

கொடுத்துவிட்டேன். நான்கு படம், நான்கிலும் 7. கூடவே நான் கையெழுத்திட்ட வாக்குமூலம்.

ஏப்ரல் 21

படங்கள் குழுவுக்குப் போனது தெரிந்து ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். "நம்பர் தொலைஞ்சு போச்சு, வேற யாரோ வச்சு எடுத்திருக்காங்கன்னு எழுதிக் கொடுங்க. விஷயம் முடிஞ்சுடும்."

"இருபது வருஷத்துல ஒருநாள்கூட தொலைச்சதில்ல சார்."

கையை நீட்டினார். ஈயத்துண்டை வைத்தேன். நாளையிலிருந்து எனக்குத் துணிக் கிடங்கில் வேலை.

வெளியே வந்து அழுதேன். ஆனா அங்க பேசும்போது குரல் நடுங்கல. அது போதும்டி உனக்கு.

ஏப்ரல் 22

போர்வை. தலையணை உறை. மறுபடி போர்வை.

ஜூன் 11

உதவி நிறுத்தம்! விசாரணை முடியும்வரை ஒரு தோட்டாகூட வராது. வக்கீலம்மா போனில் வாசித்தார்: "ஏழாம் எண் பதிந்த நான்கு படங்களின் அடிப்படையில்..." இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன்.

ஜூலை 8

அந்த நாட்டிலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். முதல் கேள்வியே "ஏழாம் எண்காரர் எங்கே?" கண்காணிப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. துணிக் கிடங்குக்கு அவரே வந்து எண்ணைக் கொடுத்தார். நான் மடித்துக்கொண்டிருந்த போர்வையை மடித்து முடித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

செப்டம்பர் 18

மூன்று மாதமாக இந்த ஆஸ்பத்திரியில் குண்டுப் படம் ஒன்றுகூட இல்லை.

இன்று மணிக்கட்டு முறிந்து ஒரு பெரியவர் வந்தார். எப்படி ஆச்சு என்று கேட்டேன். என்னையும் என் கையிலிருந்த எண்ணையும் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

"சத்தியமா படியிலதாம்மா விழுந்தேன். நம்பும்மா."

அவர் கையை மேசையில் நேராக வைத்தேன். ஓரத்தில் 7 வைத்தேன்.

"நம்புறேங்கய்யா" என்றேன்.