கேரவன் கூரைமேல் அமாவாசைச் சோறு

என் அன்பு அப்பாவுக்கு,

பெரியப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அம்மாவை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போனேன். "எந்தம்பி செத்து வருஷம் திரும்பல, அதுக்குள்ள ஊர் சுத்தக் கெளம்பிட்டீங்களா? போனா, தலைத்திவசத்துக்கு எங்க யாரையும் எதிர்பாக்காத" என்று சாரத்தில் நம் வீட்டு வாசலில் நின்று கத்தினார். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் பெட்டியை ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். மில்லில் இருந்தபோது உங்களுக்கு லீவு இல்லை. மில்லை மூடியபின் சேதராப்பட்டில் வாட்ச்மேன் வேலை, அங்கும் லீவு இல்லை. அம்மா எங்கே கூப்பிட்டாலும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பீர்கள். எப்போது பார்த்தீர்கள் அப்பா?

பெர்த்தில் இருக்கும் தம்பி ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்திருந்தான். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற குட்டி வீடு. கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு. கடலோரமாகவே வடக்கே போனோம். மணிக்கணக்காக ஓர் ஊர் இல்லை, ஒரு டீக்கடை இல்லை. அம்மா முன்சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

வழியில், கேரவன்களை நிறுத்தித் தங்கும் ஓர் இடத்தில் இருந்தபோது அமாவாசை வந்தது. அம்மா விரதமிருந்து, கேரவனுக்குள்ளேயே சோறாக்கி, வடை சுட்டார். தம்பி உங்களுக்குப் படைத்தான். காக்கைக்கு வைக்க வேண்டுமே? நாற்காலிமேல் ஏறி நான்தான் கூரையில் வைத்தேன். காக்கை வரவில்லை. வெள்ளைக் கடற்பறவைகள் கூட்டமாக இறங்கிக் கூரையை நாசம் செய்தன. பக்கத்து வண்டிக்காரரின் ரொட்டியைக்கூட விடவில்லை. அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஓடிவந்து, பறவைகளுக்குத் தீனி போடாதே என்ற பலகையைக் காட்டித் திட்டித் தீர்த்தாள்.

மணி மூன்று. காக்கை எடுக்காமல் அம்மா சாப்பிட மாட்டார். பெரியப்பா சொன்னதுதான் சரியோ? உங்களுக்கும் கோபமோ?

அம்மா தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "உங்கப்பா உசுரோட இருந்தப்பவே கூப்ட்டா எங்க வந்தாரு? வந்தா வரட்டும். எனக்குப் பசிக்குது, நான் சாப்புடறேன்." சொல்லிவிட்டு அழுதார். அழுதுகொண்டே மூன்று வடை தின்றார். நானும் அழுதேன் அப்பா. அந்த வண்டியில் ஒரு கட்டில் காலியாகத்தான் இருந்தது.

தலைத்திவசத்துக்கு நானே போய்ப் பெரியப்பாவைக் கூப்பிடுவேன். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். யார் வராவிட்டாலும் உங்களுக்குக் குறையில்லாமல் படைப்போம். மறுநாளே அம்மாவோடு மறுபடி கிளம்புவேன், இது சத்தியம். எந்த ஊர் என்பதை அவர்தான் சொல்வார். நீங்களும் வாருங்கள். ஆனால் காத்திருக்க மாட்டோம்.

உங்கள் அடங்காத மகள்,
செல்வி