கொடுத்தது மட்டும் இருக்கும்

மார்ச் 4

எங்கள் நிறுவனத்தின் வீட்டு நெட்வொர்க் பெட்டியில், அனுமதிப் பட்டியலில் இருக்கும் கருவிகளுக்கு மட்டும்தான் இணைப்பு. அந்தப் பட்டியலில் கருவிகளின் முகவரிகளை இதுவரை திரையில் ஒவ்வொன்றாகச் சொடுக்கித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. இனி ஒரே கட்டளை: சமக்குறி, பிறகு முகவரிகள், நடுவில் காற்புள்ளி. என் வடிவமைப்பு.

சோதனைப் பிரிவு அண்ணன் கேட்டார்: "ஏற்கெனவே பட்டியல்ல இருக்கறது என்னாகும்மா?"

"போயிடும். கொடுத்தது மட்டும் இருக்கும். அதுதான் சுத்தம்."

"ஆமா, துடைச்சு விட்ட மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவுக்குத் தம்பி ரத்த அழுத்தக் கருவி வாங்கித் தந்திருக்கிறான். அளவு தானாக எங்களுக்கு வந்துவிடும். அப்பா தனியாக இருக்கிறார், செல்போனைத் தொடமாட்டார். டேப்லெட்டில் என் படத்தைத் தொட்டால் எனக்கு அழைப்பு வரும்.

"எனக்கென்ன பிரஷர்? உன் தம்பி பேசினாத்தான் ஏறுது" என்றார்.

பேசி முடித்ததும் இங்கிருந்தே அவர் வீட்டில் இருக்கும் எங்கள் பெட்டியில் கருவியை அனுமதித்தேன், என் கட்டளையால். மாலையில் முதல் அளவு வந்தது. பெருமையாக இருந்தது.

மார்ச் 11

அப்பா கூப்பிடவில்லை. நானும்தான். வேலை தலைக்கு மேல். காலையில் அளவு வந்ததே, நன்றாகத்தான் இருப்பார்.

மார்ச் 12

பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டார். குளியலறையில் வழுக்கி — அப்பா போய்விட்டார்.

மார்ச் 14

கட்டில்வரை நகர்ந்து வந்திருக்கிறார். டேப்லெட் கையருகே. என் படத்தைப் பதினேழு முறை தொட்டிருக்கிறார். ஒவ்வொன்றின் கீழும் 'இணைப்பு இல்லை'.

பெட்டியைத் திறக்கும் முன்பே புரிந்துவிட்டது. பட்டியலில் கருவி மட்டும். நான் கொடுத்தது அது ஒன்றுதான். எழுதினவளே மறந்துட்டேனே. எப்படி மறந்தேன்?

டேப்லெட்டை 'அப்பா' என்ற பெயரில் திரும்பச் சேர்த்தேன். யாருக்காக?

மார்ச் 23

மறைக்க முடியவில்லை. தம்பியிடம் சொன்னேன்.

"அப்போ அவரு கூப்பிட்டுட்டே இருந்திருக்காரு" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஏப்ரல் 7

அலுவலகம். 'நான் அப்பவே சொன்னேன்' என்று சோதனைப் பிரிவு அண்ணன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மாற்றி எழுதினேன். பிளஸ் போட்டால் சேரும், மைனஸ் போட்டால் நீங்கும். வெறும் சமக்குறி என்றால், எவையெல்லாம் போகும் என்று பெயரோடு காட்டிவிட்டு, சரியா என்று கேட்கும்.

அரை நாள் வேலை. அரை நாள்.

ஏப்ரல் 27

தம்பி கூப்பிட்டான், ஐந்து வாரம் கழித்து. வீட்டைக் காலி செய்கிறானாம். "அந்தப் பெட்டியில எல்லாத்தையும் எடுத்துரு. நீயே பண்ணு."

சமக்குறி போட்டு, எதுவும் கொடுக்காமல் தட்டினேன்.

'இவை நீங்கும்: பிரஷர் கருவி, அப்பா. சரியா?'

நானே எழுதிய கேள்வி. 'ஆம்' என்று தட்ட விரல் வரவில்லை.

"முடிஞ்சுதா அக்கா?"

"இல்லடா. கேக்குது."

"என்ன கேக்குது?"

படித்துக் காட்டினேன்.

"இப்ப வேணாம்" என்றான். "அப்படியே இருக்கட்டும்."

இணைப்பை அவனும் துண்டிக்கவில்லை, நானும் துண்டிக்கவில்லை.