மாமனார் வண்டிக்குக் காது குத்து

ஆகஸ்ட் 11

விதைக் கம்பெனிக்காரன் அனுப்பிய விளம்பரத்தை இன்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானே வாசித்தேன். பாதிக்கு மேல் பொய். என் மனைவி ஆட்டிலியா வாசித்துக் காட்டிய காலத்தில் இவ்வளவு பொய் இல்லை. பொய்யை விட்டுவிட்டு வாசித்திருப்பாள் போல.

அவள் கண்ணை மூடிய பிறகுதான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். கோயில் கூடத்தில் சிஸ்டர் பெர்பெச்சுவா சொல்லிக்கொடுத்தார். "தெனமும் ஏதாச்சும் எழுதுங்க பீயுஸ். எங்கிட்ட காட்ட வேணாம்" என்றார். என் பிழைகளுக்குப் பயந்தாரா, நான் எழுதப்போகும் ஆட்களுக்காகப் பயந்தாரா, தெரியாது.

இதை எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. ஆறட்டும். எழுதியதைத் திரும்ப வாசித்தேன். நான் பேசுவது போலவே இருக்கிறது!

ஆகஸ்ட் 14

அரசாங்கத்திலிருந்து கடிதம். அரசாங்கம் எழுதி நானே பிரித்து வாசித்த முதல் கடிதம். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன்.

இந்தக் கிழவனுக்கு வண்டி ஓட்டும் தெம்பு இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்களாம். மறுபடி வந்து ஓட்டிக் காட்ட வேண்டுமாம். யார் சொன்னது என்று எழுதவில்லை. எழுத வேண்டுமா என்ன? என் மகள் ரோஸ்லின்தான். இரண்டு வருடமாக "அப்பா, பிஸ்மார்க்குக்கு வந்துடுங்க, எங்க வீட்டு மாடி காலியா இருக்கு" என்று அரிக்கிறாள். அந்த மாடியில் விரிப்பு வெள்ளை நிறம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காரவே வேண்டும். லைசென்ஸ் போனால் நான் அங்கேதான். இங்கிருந்து கோயிலுக்கு, கடைக்கு, ஆட்டிலியாவின் கல்லறைக்கு, எதற்கும் நடந்து போக முடியாது. வடக்கு டகோட்டாவில் நடந்து போகிறவனைப் பார்த்தால் வண்டி கவிழ்ந்துவிட்டதா என்றுதான் கேட்பார்கள்.

பெற்ற மகள்.

ஆகஸ்ட் 15

லைசென்ஸ் துக்கம் விசாரிக்க மச்சான் கிளெமன்ஸ் வந்தான். ஆட்டிலியாவின் தம்பி. பழைய வண்டிகளைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் சங்கத்தில் பெரிய ஆள். அவனிடமும் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. மழை எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. கண்காட்சிக்குக்கூட அதை இன்னொரு வண்டியின் முதுகில் ஏற்றித்தான் கொண்டுபோவான், பல்லக்கில் மணப்பெண் போல.

என்னுடையது ஐம்பத்தாறாம் வருடத்துப் பிக்கப். மாமனார் என் கல்யாணத்தன்று சாவியை என் கையில் வைத்தார். மகன் பக்கத்தில் நிற்கிறான், மருமகனுக்குக் கொடுக்கிறார். கிளெமன்ஸ் அன்று மூடிய வாயை இன்னும் சரியாகத் திறக்கவில்லை. மாடு, கோதுமை, சாணம் எல்லாம் சுமந்த வண்டிதான். ஆனால் ஒரு திருகாணியைக்கூட நான் மாற்றியதில்லை. சங்கத்துக்காரர்களுக்கு அதுதான் பெரிது. ஒரு ஓட்டை புதிதாக இருந்தால் மார்க்கைக் குறைத்துவிடுவார்களாம்.

"லைசென்ஸ் போயிட்டா வண்டிய சும்மா நிக்க வுடாத மச்சான். எலி பூந்துரும். எங்கிட்ட குடு, கண்ணாட்டம் பாத்துக்கறேன்."

"இன்னும் போகலியே கிளெமன்ஸ்."

"சேச்சே, போகணும்னா சொல்றேன்? போனா."

பிளம்ஸ் போட்ட குக்கன் கேக்கில் பாதி வட்டத்தைத் தின்றுவிட்டுப் போனான். துக்கத்தில் அவனுக்கு நன்றாகப் பசிக்கிறது.

ஆகஸ்ட் 20

எழுத்துத் தேர்வில் நானே வாசித்து நானே பதில் எழுதிப் பாஸ்! பெருமையில் காகிதத்தை முத்தமிடாத குறை.

பிறகு ஓட்டம். தேர்வு வாங்கும் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பின்னால எடுங்க. தலையத் திருப்பிப் பாத்து எடுங்க" என்றாள். என் கழுத்து எலும்பு ஒட்டிக்கொண்டு பல வருடமாகிறது. தலையைத் திருப்ப வேண்டுமானால் இடுப்பிலிருந்து திருப்ப வேண்டும். திருப்பினேன். முழங்கை ஹார்னில் பட்டது. எடுக்க மறந்தேன். தேர்வு நடப்பது நீதிமன்றத்து வாசலில்; உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

அவள் சிரிக்கவில்லை. அது அவள் நல்ல குணம். வண்டியில் இருக்கும் ஒரே கண்ணாடியைப் பார்த்தாள். பவுடர் டப்பா மூடி அளவு, இடது பக்கம் மட்டும்.

"கழுத்து திரும்பலேன்னா கண்ணாடிதான் தாத்தா கழுத்து. ரெண்டு பக்கமும் பெருசா மாட்டிட்டு வாங்க, மறுபடி பாக்கறேன். அதுவரைக்கும் ஓட்டாதீங்க."

திரும்பி வரும்போது, துணைக்கு வந்திருந்த கிளெமன்ஸ் ஓட்டினான். வழியெல்லாம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே வந்தான்.

ஆகஸ்ட் 21

ரோஸ்லின் போன் செய்தாள். குரல் கேட்டதும் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26

மரவரிசைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் தானிய லாரியிலிருந்து இரண்டு கண்ணாடிகளைக் கழற்றினேன். ரொட்டி சுடும் தட்டு அளவு. குழாய்க் கைகளோடு இருக்கின்றன. உள்ளே குருவிக் கூடு. குருவி தானே காலி செய்துவிட்டுப் போயிருந்தது, எனக்கு வழக்கு இல்லை.

கிளெமன்ஸிடம் போனில் சொன்னேன்.

"எதுல மாட்டுவ?"

"கதவுலதான். ஓட்டை போட்டு."

 "அது எங்கப்பன் கதவுய்யா! கழுதைக்குக் காது வச்ச மாதிரி இருக்கும். யோசிச்சுப் பாரு மச்சான். வயசாச்சு, எதுக்கு இந்த வீம்பு?"

யோசித்துப் பார்த்தேன். கழுதைக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 28

இடது கதவுக்குக் காது குத்தினேன். சன்னல் கண்ணாடியை மேலே ஏற்றிவைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் துளைக்கருவி கதவுக்குள் இருக்கும் கண்ணாடியில் போய் முட்டும். உள்பக்கம் இரும்புப் பட்டை, வெளியே ரப்பர், நடுவில் போல்ட். அசையவில்லை. என் முதுகை நானே தட்டிக்கொடுத்தேன். அதற்கும் தோள் வரைதான் கை போகிறது.

பிறகு வீட்டு முற்றத்துக்குள்ளேயே ஒரு சுற்று. (முற்றம் சாலை இல்லை.) வழக்கம்போல வாய் நிறையச் சூரியகாந்தி விதை. உமியைத் துப்ப, கதவின் முன்மூலையில் இருக்கும் குட்டி முக்கோணச் சன்னலைத் தள்ளினேன். இரண்டு விரல் அளவு திறந்தது. டொக். கண்ணாடியின் குழாய்க் கையில் இடித்து நின்றுவிட்டது!

மூடிய சன்னலை வைத்துக்கொண்டே அளந்திருக்கிறேன். மடையன். அந்தச் சன்னல் இல்லாமல் இந்த ஊரில் யாராவது வண்டி ஓட்டுவானா? காற்று அதில்தான், உமி அதில்தான். விடாமல் இடுக்கு வழியாகத் துப்பிப் பார்த்தேன். எல்லாம் என் சட்டைக்கே திரும்பி வந்தது.

கிளெமன்ஸுக்கு இது தெரியக் கூடாது.

ஆகஸ்ட் 30

வலது பக்கத்துக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்க, ஒருவர் வெளியே பிடிக்க. யாரைக் கூப்பிடுவது என்று நிற்கும்போதே ரோஸ்லின் கார் வந்தது. போனை வைத்துவிட்டால் நேரில் வருவாள், அம்மா பழக்கம்.

 கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைக் கதவோடு சேர்த்துப் பிடித்தாள். முக்கோணச் சன்னலை முழுதாகத் திறந்துவைத்தேன், புத்தி வந்துவிட்டதல்லவா. உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.

"இன்னும் வெளிய. போதும். மேல. மேலன்னா வானத்தையா காட்டுற?"

"கை வலிக்குதுப்பா."

"எனக்குக் கழுத்து வலிக்குது. அத ஊருக்குச் சொல்லத் தெரிஞ்சுது, இல்ல?"

"எந்த ஊருக்கு? என்ன சொல்றீங்க?"

அந்த நேரத்தில்தான் கிளெமன்ஸ் வந்தான். இடது கதவைப் பார்த்தான். போல்டைத் தொட்டுப் பார்த்தான். முகம் செத்த வீட்டு முகமாகிவிட்டது. என் கையில் துளைக்கருவி, வலது கதவு இன்னும் பாக்கி.

"நிறுத்துய்யா! பாவி! நீ இப்படி வண்டியக் குத்துவன்னு தெரிஞ்சிருந்தா அந்த ஆபீஸ்ல போயி ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா நான்?"

 தான் சொன்னது அவன் காதுக்கே பிறகுதான் எட்டியது. வாயைத் திறந்தான். நாற்பது வருடமாக மூடிவைத்திருந்த வாய், இப்போது மூடத் தெரியவில்லை.

"மாமா, நீங்களா?" என்றாள் ரோஸ்லின்.

"உங்கப்பன் நல்லதுக்குத்தான் புள்ள... கழுத்து..."

 அவன் கண்ணெதிரே வலது கதவில் துளை போட்டேன். மெதுவாக. எழுதுவது போல, அவ்வளவு மெதுவாக.

அவன் போன பிறகும் ரோஸ்லின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். போல்ட் எப்போதோ முடுக்கியாகிவிட்டது. "வுடும்மா, அது நிக்கும்" என்றேன். மன்னிப்புக் கேட்க அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. சிஸ்டர் அதற்குப் பாடம் எடுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அவளே மாவு உருண்டை போட்ட நோஃப்லே சூப் வைத்தாள். அம்மா கைப்பக்குவம் இல்லை. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

செப்டம்பர் 4

பாஸ்.

தேர்வு அம்மாள் பின்னால் எடுக்கச் சொன்னாள். தலையை அசைக்கவே இல்லை, கண்ணை மட்டும் அசைத்தேன். இடதில் நீதிமன்றம் முழுதும் தெரிந்தது. வலதில் ஒரு நாய், அதன் எசமான், அவன் தின்றுகொண்டிருந்த ரொட்டி.

லைசென்ஸில் ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள்: இரண்டு பக்கமும் கண்ணாடி இருக்கும் வண்டியை மட்டுமே ஓட்டலாம். சாலை ஓரம் நிறுத்தி வாசித்தேன். பிறகு இன்னொரு முறை, சத்தமாக. அரசாங்கமே சொல்லிவிட்டது. இனி அந்தக் காதைக் கழற்றச் சொல்லி எவனும் வர முடியாது.

செப்டம்பர் 19

கண்காட்சி. கிளெமன்ஸ் வண்டிக்குக் கோப்பையாம். என் வண்டியில் உருளைக்கிழங்கு ஏற்றினேன்.

அக்டோபர் 17

கிளெமன்ஸுக்குக் கண்ணில் புரை. பிஸ்மார்க்கில் அறுவை. முந்தாநாள் போனில் பேசியது அவன் மனைவி மக்தலேனா. "எனக்கு நெடுஞ்சாலையில ஓட்டறதுன்னா நடுக்கம், அண்ணா. அவரு கேக்க மாட்டாரு, நான் கேக்கறேன்." பின்னால் அவன் இருமுவது கேட்டது.

இன்று அவனை ஏற்றிக்கொண்டு போகும்போது வானிலை பேசினான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் நீர். பிக்கப்பின் படி உயரம். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். உதவிக்குக் கை நீட்டினேன், அவன் அதைப் பிடிக்கவில்லை. காற்றில் துழாவினான். கையில் பட்டது வலது கண்ணாடியின் குழாய். இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தொங்கி, முனகி, முழு உடம்பையும் அதில் போட்டு ஏறி உட்கார்ந்தான்.

கிளெமன்ஸ் சின்ன ஆள் இல்லை. போல்ட் ஒரு முடி அளவும் அசையவில்லை.

"நல்லா முடுக்கியிருக்க" என்றான், சாலையைப் பார்த்துக்கொண்டு.

"உங்கப்பன் கதவு. கெட்டி" என்றேன்.